லக்னோவில் கூடிய ஒன்பது பேர்

(செவிலியர் தின விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

செவிலியர் தினக் கூட்டம் என்றால் பிளாரன்ஸ் நைட்டிங்கேலைப் பற்றிப் பேசுவது வழக்கம். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. மேட்ரன்கள், நர்சிங் சூப்பரிண்டெண்டுகள் என்று பொறுப்பில் இருந்த செவிலியர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட சங்கங்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். தலைப்பைச் சொன்னதும் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "மேடம், மேலதிகாரிகளுக்கு எதுக்குச் சங்கம்?" நியாயமான கேள்விதான். சங்கம் என்பது கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களிடம் உரிமை கேட்பதற்கானது என்றுதானே பழகியிருக்கிறோம். என் பேச்சு முழுவதும் அந்த மாணவிக்குச் சொல்லும் பதில்தான்.

1905-ஆம் ஆண்டு லக்னோவில் ஒன்பது பெண்கள் சேர்ந்து 'நர்சிங் சூப்பரிண்டெண்டுகள் சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஒன்பது பேரும் ஐரோப்பியர்கள். ஒன்பது பேரும் மருத்துவமனைகளில் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்கள். அது வங்கப் பிரிவினை நடந்த ஆண்டு. சுதேசி முழக்கம் தெருவுக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில், ஒரு இந்தியப் பெண்கூட இல்லாமல் தொடங்கிய சங்கம் அது. இன்று நாம் டி.என்.ஏ.ஐ. என்று சொல்லும் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. இந்த வேரை மறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு, வெள்ளைக்காரிகள் சங்கம் என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. நான் இரண்டையும் செய்யப்போவதில்லை. ஏனென்றால் அந்தச் சங்கம் அடுத்த 17 ஆண்டுகளில் செய்த காரியம், உலகத்தில் அந்தஸ்தை வைத்து அமைந்த சங்கங்கள் அதிகம் செய்யாத காரியம்.

முதலில், அவர்களுக்குச் சங்கம் ஏன் தேவைப்பட்டது என்று பார்ப்போம்.

நம் சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1664-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் சிப்பாய்களுக்காக ஆஸ்பத்திரி வந்துவிட்டது. பிரசவம் பார்க்கும் பெண்களுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்த 1854-இல்தான் சென்னையில் அரசு அனுமதி கொடுத்தது. 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சியைத்தான் நாட்டின் முதல் நர்சிங் பள்ளி என்று நம் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. பயிற்சிக் காலம் ஆறு மாதம், மாணவிகள் நான்கு பேர். 1888-இல் ராணுவ ஆஸ்பத்திரிகளுக்காக கேத்தரின் கிரேஸ் லோக் தலைமையில் ஒரு சிறு குழு இங்கிலாந்திலிருந்து பம்பாயில் வந்து இறங்கியது. இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நர்சிங் இந்த நாட்டுக்குள் வந்தது.

இந்த நிலைமையில் ஒரு சூப்பரிண்டெண்டின் நாள் எப்படி இருந்திருக்கும்? முறையாகப் பயிற்சி பெற்றவர் அந்த ஆஸ்பத்திரியிலேயே அவர் ஒருவர்தான், அல்லது இன்னும் ஓரிருவர். பாடத்திட்டம் எழுதுவதும் பாடம் நடத்துவதும் பரீட்சை வைத்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதும் அவரே. ஓர் ஊரில் ஆறு மாதப் பயிற்சி, இன்னோர் ஊரில் மூன்று வருடம். இரண்டு பெண்களும் 'பயிற்சி பெற்ற நர்ஸ்' என்றே அழைக்கப்பட்டார்கள். ஓர் ஆஸ்பத்திரியின் சான்றிதழை அடுத்த ஆஸ்பத்திரி மதிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நர்சுகள் அவரைப் பார்த்து நடுங்கினார்கள். அவரோ சிவில் சர்ஜனின் குறிப்புக்காகக் காத்திருந்தார். மேலதிகாரி என்று நாம் நினைக்கிற அந்தப் பெண் இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டு நடுவில் நின்றவர். மேலதிகாரிகளுக்கு எதற்குச் சங்கம் என்று கேட்ட மாணவிக்கு என் பதிலின் முதல் பகுதி இதுதான்.

அதே காலத்தில், 1906-இல், லேடி மின்டோ பெயரில் இந்திய நர்சிங் சங்கம் ஒன்று வந்தது. ஐரோப்பியக் குடும்பங்களுக்கு நர்சுகளை வரவழைத்துக் கொடுப்பது அதன் வேலை. வைஸ்ராயின் மனைவியும் சீமாட்டிகளும் கமிட்டியில் இருந்தார்கள், நர்சுகள் வேலை பார்த்தார்கள். லக்னோ சங்கம் அப்படிப்பட்டதல்ல. அங்கே தீர்மானித்தவர்களும் நர்சுகளே. பெயரில் இரண்டும் நர்சிங் சங்கங்கள்தான். ஆனால் யார் முடிவெடுக்கிறார்கள் என்று கேட்டால் இரண்டுக்கும் இடையே இருக்கிற தூரம் தெரியும்.

லக்னோவுக்கு முன்மாதிரி எங்கிருந்து வந்தது என்று சொல்ல, லண்டனுக்கும் சிகாகோவுக்கும் போய் வர வேண்டும்.

லண்டனில் எத்தல் கோர்டன் மேன்சன் என்றொரு பெண். 1881-இல், 24 வயதில், செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் மேட்ரன் ஆனார். 1887-இல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் என்ற மருத்துவரைத் திருமணம் செய்துகொண்டார். கல்யாணம் ஆனால் வேலையை விட வேண்டும் என்பது அந்தக் காலத்து நடைமுறை, ஆகவே விட்டார். வேலையை விட்டாரே தவிர தொழிலை விடவில்லை. அதே 1887-இல் பிரிட்டிஷ் நர்சுகள் சங்கத்தைத் தொடங்கினார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: மருத்துவர்களுக்கு இருப்பதுபோல நர்சுகளுக்கும் சட்டப்படி ஒரு பதிவேடு வேண்டும். மூன்று ஆண்டு பயிற்சி முடித்து, தேர்வில் தேறி, பதிவேட்டில் பெயர் ஏறியவர் மட்டுமே நர்ஸ்.

இதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? நைட்டிங்கேல். நல்ல நர்ஸ் என்பது குணத்தைப் பொறுத்தது, குணத்தைப் பரீட்சை வைத்து அளக்க முடியாது என்பது அவர் கட்சி. ஒரு வார்டில் ஆறு மாதம் இருந்தவர் எவரும் அதில் உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொள்வார். ஆனால் நான் ஃபென்விக் பக்கம்தான். குணத்துக்குச் சான்று கொடுக்கிற அதிகாரம் அந்தந்த மருத்துவமனையின் மேட்ரன் கையில் மட்டும் இருந்தால், நர்ஸின் வாழ்க்கை முழுவதும் ஒருவர் தயவில் கட்டுண்டு கிடக்கும். பதிவேட்டில் ஏறிய பெயரை யாரும் கோபத்தில் அடித்துவிட முடியாது.

1893-இல் அந்தச் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. சாசனம் வந்த வேகத்திலேயே மருத்துவர்களின் கை ஓங்கியது, தொடங்கிய ஃபென்விக் ஓரங்கட்டப்பட்டார். நர்சுகளின் பெயரால் நடந்த சங்கத்தில் நர்சுகளின் குரல் அடங்கிப்போன பிறகுதான், 1894-இல், மேட்ரன்கள் தங்களுக்கென்று மேட்ரன்கள் கவுன்சிலை அமைத்தார்கள். ஃபென்விக்குக்குப் பிறகு பார்த்தலோமியுவின் மேட்ரனாக வந்த ஐலா ஸ்டூவர்ட் அதற்குத் தலைமை ஏற்றார். மருத்துவர்களும் புரவலர்களும் உறுப்பினராக வர முடியாத ஓர் இடம் வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தது அது. 1899 ஜூலையில் அந்தக் கவுன்சில் கூட்டத்தில் ஃபென்விக் வைத்த யோசனையிலிருந்து எழுந்ததுதான் சர்வதேச நர்சுகள் கவுன்சில். இன்று உலகம் முழுவதும் மே 12-ஆம் தேதியைக் கொண்டாடச் சொல்லி ஆண்டுதோறும் கருப்பொருள் அறிவிக்கிற அமைப்பு அதுதான்.

அமெரிக்காவில் 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சி நடந்தது. நமக்கு சிகாகோ 1893 என்றால் விவேகானந்தர். அந்த ஆண்டு அதே கண்காட்சியை ஒட்டி நடந்த இன்னொரு மாநாட்டில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் இசபெல் ஹாம்ப்டன் நர்சிங் கல்வியின் தரம் பற்றிக் கட்டுரை படித்தார். அங்கே கூடிய சூப்பரிண்டெண்டுகள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அமெரிக்காவையும் கனடாவையும் சேர்த்த நர்சிங் பள்ளி சூப்பரிண்டெண்டுகள் சங்கம் அது. அதன் முதல் தலைவர் லிண்டா ரிச்சர்ட்ஸ், ஜப்பானில் கியோட்டோ வரை போய் நர்சிங் கற்றுக்கொடுத்தவர். இந்தச் சங்கம் 1912-இல் தேசிய நர்சிங் கல்விக் கழகமாகப் பெயர் மாறியது. சாதாரண நர்சுகளின் அமைப்பு வேறாக வளர்ந்தது. மேலே இருப்பவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று இரு தண்டவாளம்.

அமெரிக்கக் கதையில் சொல்லாமல் விட முடியாத ஒன்று உண்டு. தெற்கு மாநிலங்களின் நர்சுகள் சங்கங்கள் கறுப்பின நர்சுகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மாநிலச் சங்கத்தில் இடமில்லை என்றால் தேசியச் சங்கத்திலும் இடமில்லை. மார்த்தா ஃபிராங்க்ளின் முன்னெடுக்க, கறுப்பின நர்சுகள் 1908-இல் தங்களுக்கென்று தேசியச் சங்கம் அமைத்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் போராடிக் கதவு திறந்த பிறகு, 1951-இல் அதைத் தாங்களே கலைத்தார்கள். கதவைத் திறக்க வெளியே நின்றவர்கள் நாற்பது ஆண்டு தட்ட வேண்டியிருந்தது.

இப்போது லக்னோவுக்குத் திரும்புவோம். 1908-இல் பம்பாயில் சூப்பரிண்டெண்டுகள் சங்கத்தின் ஆண்டு மாநாடு. சங்கம் பிறந்து மூன்றே ஆண்டுகள். பயிற்சி பெற்ற எல்லா நர்சுகளுக்கும் ஒரு சங்கம் வேண்டும் என்று அந்த மாநாட்டில் முடிவெடுத்தார்கள். 1909-இல் அது முறைப்படி தொடங்கியது. முதலில் இரண்டு சங்கங்களுக்கும் ஒரே நிர்வாகிகள். 1910-இல் டி.என்.ஏ.ஐ. தன் நிர்வாகிகளைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது. அதே 1910 பிப்ரவரியில் 'நர்சிங் ஜர்னல் ஆஃப் இந்தியா' இதழ் வெளிவரத் தொடங்கியது. 1912-இல் சர்வதேச கவுன்சிலில் இந்தியா சேர்ந்தது. 1922-இல் சூப்பரிண்டெண்டுகள் சங்கம் தன்னைத் தனியாக வைத்துக்கொள்ளாமல் டி.என்.ஏ.ஐ.க்குள் கலந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். பதவி உள்ளவர்கள் மட்டும் உறுப்பினராக இருந்த சங்கம், தனக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு சங்கத்தை உண்டாக்கி, பொறுப்பை ஒப்படைத்து, கடைசியில் தன் பெயரையும் விட்டுக்கொடுத்தது. எண்ணிக்கை குறைவாக இருந்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்பது பத்துப் பேரை வைத்துக்கொண்டு அரசாங்கத்திடம் பேச முடியாது. ஆனால் எண்ணிக்கை குறைந்த சங்கங்கள் பல, கரைய மனமில்லாமல் தேய்ந்தே போயிருக்கின்றன. இவர்கள் கரைந்தார்கள். அந்த மனசுக்கு நான் தலை வணங்குகிறேன்.

பலன் என்ன என்று கேட்டால், நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பிரிட்டனில் பதிவேட்டுச் சட்டம் 1919 டிசம்பரில்தான் வந்தது. ஃபென்விக் தொடங்கி 32 ஆண்டுகள். அந்தப் பதிவேட்டின் முதல் எண் அவருக்கே கிடைத்தது. அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 1926-இல், இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னை மாகாணம் நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. பம்பாய்க்கு இன்னும் ஒன்பது ஆண்டு ஆனது. இங்கே இருக்கும் உங்களில் பலருடைய பதிவுச் சான்றிதழ் அந்த 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்ததுதான். எடுத்துப் பாருங்கள், சான்றிதழிலேயே அச்சாகியிருக்கும்.

வேலூரையும் சொல்ல வேண்டும். ஐடா ஸ்கடர் 1909-இல் அங்கே நர்சிங் பள்ளி தொடங்கினார். டி.என்.ஏ.ஐ. தொடங்கிய அதே ஆண்டு. 1946-இல் நாட்டிலேயே முதன்முதலாக நர்சிங்கில் பட்டப்படிப்பு இரண்டே இடங்களில் வந்தது. ஒன்று தில்லி, மற்றது வேலூர். அந்த ஆண்டுதான் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கையும் வெளிவந்தது. சுமார் 30 கோடி மக்களுக்கு 7,000 நர்சுகள், அதாவது 43,000 பேருக்கு ஒருவர் என்று அந்த அறிக்கை கணக்குக் காட்டியது. பிறகு 1947 டிசம்பரில் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு சிறிய உட்பிரிவு உண்டு: கவுன்சிலின் ஓர் உறுப்பினரை டி.என்.ஏ.ஐ. தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். லக்னோவில் தொடங்கிய அமைப்புக்குச் சுதந்திர இந்தியாவின் சட்டத்தில் ஓர் இருக்கை கிடைத்தது. மெடிக்கல் கவுன்சிலுக்கும் இந்திய மருத்துவ சங்கத்துக்கும் ஆளுக்கு ஓர் இருக்கை கொடுத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நர்சிங் கவுன்சிலில் மருத்துவர் சங்கத்துக்கு இடம் இருந்தது. மருத்துவக் கவுன்சிலில் நர்சுகள் சங்கத்துக்கு இடம் கேட்டால் என்ன பதில் வந்திருக்கும் என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறேன்.

இதுவரை சொன்னது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எனக்கு மிகவும் வலிக்கிற பக்கம். சங்கம் பெரிதானது, ஆனால் மருத்துவமனைக்குள் மூத்த செவிலியரின் அதிகாரம் வளரவில்லை.

நான் சூப்பரிண்டெண்டாக இருந்த ஒரு மருத்துவமனையில் புது வார்டு கட்டினார்கள். கைகழுவும் தொட்டி எங்கே வர வேண்டும், நர்சிங் ஸ்டேஷனிலிருந்து எத்தனை கட்டில் கண்ணில் படும், அழுக்குத் துணி எந்த வழியாக வெளியே போகும் என்று ஒருவரும் எங்களிடம் கேட்கவில்லை. திறப்பு விழாவில் பன்னீர் தெளிக்க மாணவிகளை அனுப்பும்படி கடிதம் மட்டும் வந்தது. அந்த வார்டில் தொட்டி கடைசி மூலையில் அமைந்தது. ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் நடந்து கைகழுவி வர நேரம் எங்கே இருக்கிறது? நோய்த்தொற்று பரவியதும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது நர்சுகளுக்குத்தான்.

இது என் ஒருத்தியின் குறை என்றால் இந்த மேடையில் சொல்லமாட்டேன். 1987-இல் மத்திய அரசு நர்சிங் தொழில் பற்றி ஆராய ஓர் உயர்நிலைக் குழு அமைத்தது. அதற்குத் தலைமை ஏற்று 1989-இல் அறிக்கையை முடித்துத் தந்தவர் நம் சரோஜினி வரதப்பன். பக்தவத்சலம் அவர்களின் மகள், சமூக சேவையில் வாழ்நாளைக் கழித்தவர், செவிலியர் அல்லர். மத்தியிலும் மாநிலங்களிலும் நர்சிங்குக்கென்று தெளிவான நிர்வாக அமைப்பு வேண்டும், வார்டுக்கு இத்தனை நர்ஸ் என்ற அளவு வேண்டும், வேலை நேரமும் குடியிருப்பும் சீராக வேண்டும் என்று அந்தக் குழு எழுதியது. அந்த அறிக்கையைப் படிக்காத சூப்பரிண்டெண்ட் இந்த மாநிலத்தில் இருக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். இன்றும் ஒவ்வொரு பணியாளர் கோரிக்கை மனுவிலும் அதன் வரிகளைத்தான் வேறு சொற்களில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பிரிட்டனிலும் இதேபோல ஒரு வீழ்ச்சி நடந்தது. 1966-இல் சால்மன் குழு அறிக்கை மேட்ரன் பதவியை எடுத்துவிட்டு, எண் போட்ட நிர்வாகப் படிகளைக் கொண்டுவந்தது. 1983-இல் பல்பொருள் அங்காடி நிறுவனத்திலிருந்து வந்த ராய் கிரிஃபித்ஸின் பரிந்துரையால் பொது மேலாளர்கள் வந்தார்கள். நர்சிங் நிர்வாகம் அவர்கள் கீழே போனது. வார்டுகள் சுத்தமாக இல்லை, கேட்க ஆளில்லை என்று மக்கள் முறையிட்ட பிறகு, 2001-இல் மேட்ரன் பதவியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அங்கே மூத்த செவிலியரை எடுத்துவிட்டுப் பார்த்தபிறகுதான் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரிந்தது.

நம் நாட்டில் ஒரே ஓர் இடத்தில் இந்தக் கதை வேறு மாதிரி. ராணுவ நர்சிங் சேவையில் நர்சுகள் அதிகாரிகள், பதவியும் தோள்பட்டை அடையாளமும் உண்டு. 1976-இல் ஜெர்ட்ரூட் அலைஸ் ராம் மேஜர் ஜெனரல் ஆனார். இந்திய ராணுவத்தில் அந்த நிலையை எட்டிய முதல் பெண் ஒரு நர்ஸ். படிநிலையை எழுத்தில் உறுதியாகப் போட்டுவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

அப்படியானால் 1922-இல் கலந்தது தவறா? என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். சூப்பரிண்டெண்டுகளுக்கு மறுபடி தனிச் சங்கம் வேண்டும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் நர்சிங் நிர்வாகிகளுக்கென்று 1967-இல் தொடங்கிய அமைப்பு இன்றும் வலுவாக இயங்குகிறது. மூத்தவர்கள் பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆள் பற்றாக்குறையில் டியூட்டி லிஸ்ட் போடுவது எப்படி, மருத்துவர் கத்தும்போது நம் நர்ஸுக்காக நிற்பது எப்படி, இறந்த நோயாளியின் உறவினர் கூட்டத்தை எதிர்கொள்வது எப்படி என்பதெல்லாம் பெரிய மாநாட்டு மேடையில் பேச முடியாது. ஆனால் அந்த இடம் பெரிய சங்கத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். காரணம், பத்தாண்டுகளுக்கு முன் நடந்த ஒரு வழக்கு.

தனியார் மருத்துவமனைகளில் நர்சுகளுக்குக் கொடுக்கும் சம்பளத்தைப் பற்றி டி.என்.ஏ.ஐ. உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2016 ஜனவரியில் நீதிமன்றம் குழு அமைத்து ஆராயச் சொன்னது. 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. நடைமுறையில் இது எத்தனை இடத்தில் வந்திருக்கிறது என்பது இங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற இளம் நர்சுகளின் முகத்திலேயே தெரிகிறது. ஆனாலும் நாளை தொழிலாளர் அலுவலகத்தில் நீங்கள் எடுத்து நீட்ட ஒரு தாள் இருக்கிறது. அரசு ஊதியம் வாங்கிய மூத்தவர்கள் நடத்திய சங்கம், எட்டாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் நைட் டியூட்டி பார்க்கிற பெண்ணுக்காக நீதிமன்றப் படியேறியது. தனிச் சங்கமாக இருந்திருந்தால் சூப்பரிண்டெண்டுகள் அந்த வழக்கைப் போட்டிருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

கடைசியாக, இன்றைய நிலைமை. 2023-இல் நாடாளுமன்றம் தேசிய நர்சிங், மகப்பேறு செவிலிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஆணையத்தில் 29 பேர். தலைவருக்கு நர்சிங்கில் முதுகலைப் பட்டமும் குறைந்தது 20 ஆண்டு அனுபவமும் வேண்டும் என்கிறது சட்டம். இந்தத் தொழிலின் உச்சியில் ஒரு செவிலியரே உட்கார வேண்டும் என்று எழுதியிருப்பதை நான் வரவேற்கிறேன். ஆனால் இதில் நியமன முறைதான் மேலோங்கி நிற்கிறது. பழைய சட்டத்தில் நமக்குத் தேர்தல் வழி இருந்தது, வாக்களித்து ஒருவரை அனுப்பினோம். இனி, யாரை நியமிப்பது என்று அரசு யோசிக்கும்போது அதன் மேசையில் நம் பெயர்கள் இருக்க வேண்டும்.

அதற்கு மூத்தவர்கள் நீங்கள்தான் வேலை செய்ய வேண்டும். முப்பது வருடம் வார்டில் கழித்தவர்கள் ஓய்வு பெற்றதும் பேரப்பிள்ளைகளோடு ஒதுங்கிவிடுகிறீர்கள், உங்களைக் குறை சொல்லவில்லை, உடம்பு அப்படித் தேய்ந்திருக்கிறது. ஆனால் தேசிய ஆணையத்தோடு மாநிலங்களிலும் ஆணையங்கள் அமைய வேண்டும் என்கிறது சட்டம். அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். உங்களால் முடியாவிட்டால் உங்கள் கீழ் வேலை பார்த்தவர்களில் திறமையான இருவர் பெயரைச் சொல்லுங்கள். மாவட்டக் கிளைச் செயலாளர் அரங்கின் வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். போகும்போது பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள். மாணவ உறுப்பினர் படிவமும் அவரிடமே இருக்கிறது.